சீனித்தாயின் கைவிளக்கு

காப்புக் கட்டி மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த சீனித்தாயின் இடது கையில் பச்சை குத்தியிருந்த அகல் விளக்கு பற்றிக்கொண்டது. பற்றிக்கொண்டது என்றால் நிஜமாகவே பற்றிக்கொண்டதுதான். கறுப்பு மையால் வரைந்த அகல் தோலோடு தோலாகப் படுத்துக் கிடக்க, சிவப்பு மையால் வரைந்த சுடர் மட்டும் கட்டைவிரல் உயரத்துக்கு எழும்பி, மேலே சுற்றிய ஃபேன் காற்றுக்கும் தலை சாய்க்காமல் நின்று எரிந்தது. சுற்றிலும் முப்பது பெண்கள், சுவர் உயரத்துக்கு மருந்து முக்கிய குச்சிகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்து, "ஏ சீனி, கையை அந்தப் பக்கம் வையிடி, மருந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையில் குச்சி அடுக்க ஆரம்பித்தாள்.

ஒத்தப்புளிக்காரர்கள் அப்படித்தான். வீட்டின் ஒரு மூலையில் அடுப்பும் மறுமூலையில் குச்சிக்கட்டும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் அனல்காத்த அம்மன் படத்தை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஊர் அது. தீ வந்தால் எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், யார் அனுப்பியது என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கும் கேட்டார்கள். திருவிழா அம்மனுக்கு, காப்பு அம்மனுக்கு, பற்றிய கை அம்மனுக்கு நேர்ந்துகொண்ட கை, அப்புறம் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது? பத்து மணிக்கெல்லாம் குலவைச் சத்தம் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டாட்டூ கடை வைத்திருக்கிற குருவம்மா அந்நேரம் ஒரு வெளியூர் லாரி டிரைவரின் தோளில் புலிக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள். சீனித்தாய் அவளுக்கு நாத்தனார், வீட்டுக்காரன் வெயிலுமுத்துவின் கூடப்பிறந்த தங்கச்சி. சேதி வந்ததும் குருவம்மா மெஷினை நிறுத்தினாள், கையுறையைக் கழற்றினாள், அந்தப் புலி இன்றுவரை ஒருபக்க மீசையோடு நெடுஞ்சாலையில் திரிவதாகக் கேள்வி. ஊரெல்லாம் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டபோது அவள் மட்டும் அலமாரியில் இருந்த சிவப்புப் பாட்டிலைப் பார்த்தாள்.

ஏனென்றால் அந்தச் சுடரைக் குத்தியது அவள். போன வருசம் ஒரு பட்டறை தீப்பிடித்தபோது சன்னல் கம்பியை நெம்பிக்கொண்டு வெளியே விழுந்து பிழைத்தவள் சீனித்தாய். அடுத்த காப்புக்குள் கையில் விளக்கு குத்திக்கொள்கிறேன் தாயே என்று நேர்ந்தாள், நேர்ந்ததோடு சரி, ஊசிக்குப் பயந்து நாளைக்கு நாளைக்கு என்று பதினோரு மாசத்தை ஓட்டிவிட்டாள். காப்புக் கட்டிவிட்டால் ஒன்பது நாள் உடம்பில் கத்தி, ஊசி எதுவும் படக்கூடாது. அதனால் காப்புக்கு முதல்நாள் சாயங்காலம் ஓடிவந்து, "மதினி, இன்னைக்குக் குத்தலைன்னா சாமி குத்தமாயிரும்" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

குருவம்மா ஒன்றும் தொழில் தெரியாதவள் கிடையாது. கறுப்பு சாது, சிவப்பு கோவக்காரி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நூறு பேரை ஒன்றும் செய்யாது, நூற்றியோராவது ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். அதனால் சிவப்பு கேட்டு யார் வந்தாலும் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு பொட்டு வைத்து, ஒரு மாசம் கழித்து வா என்று திருப்பி அனுப்புவாள். அரித்தாலோ தடித்தாலோ அந்த ஆளுக்குச் சிவப்பு கிடையாது. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு, போகட்டும் என்று விட்டிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் அன்று, வீட்டுப் பிள்ளைக்கு என்ன டெஸ்ட்டு என்று நினைத்துவிட்டாள். சீல் வைத்த நல்ல சிவப்பு அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்திருந்தது. ஊர் ஊராகச் சாமான் கொண்டுவருகிறவன் கொடுத்துவிட்டுப் போன, பேரும் இல்லாத தேதியும் இல்லாத பாட்டிலைத் திறந்தாள். இதுகூடப் போகட்டும். சாயக் குங்குமம் வைத்தால் சீனிக்கு நெற்றி அரிக்கும், தடித்துப்போகும், அதனால்தான் அவள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டோடு போவாள் என்பது அந்த வீட்டில் சோறு வடிக்கிற குருவம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது இவள், விழுந்தது அந்தப் பிள்ளை.

குத்தி முடித்ததும் எல்லாருக்கும் சொல்வதைச் சீனிக்கும் சொல்லித்தான் அனுப்பினாள். கையைக் கழுவாமல் தொடாதே, சோப்புத் தண்ணியில் பதமாகக் கழுவு, துணியால் தேய்க்காமல் ஒத்தி எடு, களிம்பை மெலிசாகப் பூசு, வெயில் காட்டாதே, குளத்தில் இறங்காதே, அரித்தாலும் சொறியாதே. சீனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் விடிந்ததும் ஊரோடு சேர்ந்து ஊருணியில் முங்கி எழுந்து, மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு வெயிலில் நின்று காப்புக் கட்டிக்கொண்டாள்.

இப்போது கோயில் மண்டபத்தில் அவளை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பூசாரி கோட்டைச்சாமி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துச் சுடரைச் சுற்றிப் பாத்தி கட்டியதுபோல அப்பியிருந்தார். சிவப்பு இருந்த இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாகத் தடித்திருக்க, அதைப் பார்த்த பெண்கள், "முத்துப் போட்டிருக்காடி, ஆத்தா முத்துப் போட்டிருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மை இறங்கிய வீட்டுக்கு உள்ள சட்டதிட்டம் ஊருக்கே வந்துவிட்டது. தெருத்தெருவாக வாசலில் வேப்பங்குலை தொங்கியது. முந்நூறு வீட்டிலும் தாளிப்பு நின்றது. கடுகு வெடிக்கிற சத்தமே இல்லாமல் ஒத்தப்புளி நாள் கணக்கில் வெறும் பருப்பும் வெறுஞ்சோறும் தின்றது. பரோட்டாக் கடைக்காரர்கூடக் கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு இட்லி ஊற்றினார். மருந்துக்கடையைப் பூட்டிச் சாவியை அம்மன் காலடியில் வைத்தார்கள், ஆத்தா வந்திருக்கும்போது மாத்திரை மருந்து என்று போனால் அவளுக்குக் கோபம் வரும் என்று.

ஐந்தாம் நாளிலிருந்து அடுப்புத் தீ எடுப்பது ஆரம்பித்தது. யாரோ ஒருத்தி திரியை நீட்டி அந்தச் சுடரில் பற்றவைத்துக் கொண்டுபோய் அடுப்பு மூட்டினாளாம், அடிப்பிடிக்கிற பழைய பானையில் சோறு பூவாக வெந்ததாம். போதாதா? மறுநாள் கோயிலில் இருந்து தேர்முட்டிவரைக்கும் வரிசை. நெய்த்திரி, எள்ளெண்ணெய்த்திரி, பஞ்சுத்திரி, பழைய வேட்டியைக் கிழித்த திரி, எல்லாம் அந்தக் கையைத் தேடி வந்தன. ஒவ்வொரு திரி பற்றும்போதும் சீனித்தாய் கீழுதட்டைக் கடித்தாள், வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்து, "ஆத்தா சிரிக்கா" என்றார்கள்.

குருவம்மா காலையும் மாலையும் நீராகாரம் கொண்டுபோகிற சாக்கில் கிட்டே போவாள். போகும்போதெல்லாம் மஞ்சளை ஓரமாக விலக்கி, சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்து, அதன் கரையில் பேனாவால் ஒரு கோடு போடுவாள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கும். இன்னொரு கோடு போடுவாள், அதையும் தாண்டும். நாலு நாளில் மணிக்கட்டுப் பக்கம் இருந்தது முழங்கைக்கு ஏறிவிட்டது. கை மொத்தமும் கனன்றது, விரல்கள் வீங்கி, மடக்கினால் மடங்கவில்லை.

"மதினி, ரொம்ப அரிக்கி" என்றாள் சீனி, பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ளுக்குள்ள எறும்பு போற மாதிரி இருக்கு."

"எந்திரிடி. ஆசுபத்திரிக்குப் போவோம்."

சீனி எழுந்திருக்கவில்லை. "மதினி, எங்க மொதலாளி இன்னைக்கு வந்து என் கால்ல விழுந்தாரு. பதினாலு வயசுல இருந்து அந்த ஆபீசுக்குப் போறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாராச்சும் என்னை உக்காருன்னு சொல்லிருப்பாங்களா? தரையில குத்தவச்சே முதுகு வளைஞ்சுபோச்சு. இப்ப பாரு, நாக்காலி" என்றாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நின்றது, வலியிலா சந்தோசத்திலா என்று குருவம்மாவுக்குப் பிடிபடவில்லை. அந்த நாற்காலியின் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வீட்டுக்கு வந்து வெயிலுமுத்துவிடம் சண்டை போட்டாள். அவன் மினிலாரி ஓட்டுகிறவன், வண்டி வாசலில்தான் நிற்கிறது. "உன் தங்கச்சி கை அழுகுது. வண்டிய எடு. நான் போட்ட மைதான் அது, சாமி இல்ல."

"காப்புக் கட்டினவ எல்லைக்கல்லைத் தாண்டலாமா? தாண்டினா ஊரு நம்மள சும்மா விடுமா?"

"கை போனா ஊரு கை தருமா?"

அவன் கெட்டவன் இல்லை. ஊரோடு பகைத்தால் வேரோடு கெடும் என்று அப்பன் காலத்தில் இருந்து கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான். வாசலில் நின்ற வண்டியை ஒருதடவை பார்த்தான், வேப்பங்குலையை ஒருதடவை பார்த்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டான்.

ஏழாம் நாள் சாயங்காலம் பூசாரி கோட்டைச்சாமி மண்டபத்தில் நின்று அறிவித்தார்: ஒன்பதாம் நாள் பூக்குழிக்கு இந்த வருசம் தீப்பெட்டி உரசப்போவதில்லை, ஆத்தாளே தன் கையால் பற்றவைப்பாள். மூன்று வண்டிப் புளிய விறகு. அதற்குள் கையை விட்டு, அடிவிறகு பிடிக்கிறவரை வைத்திருக்க வேண்டும். ஜனம் குலவை போட்டது. சீனித்தாய் நாற்காலியின் கைப்பிடியை நல்ல கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம் என்று தோன்றியதும் குருவம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். சிவப்புப் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அது சாமி இல்ல. இந்தப் பாட்டில் மை. நான்தான் குத்துனேன், டெஸ்ட்டுப் பாக்காமக் குத்துனேன். அந்தப் பிள்ளைக்குச் செவப்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தப்பு என்னோடது. என்னை என்ன வேணாப் பண்ணுங்க, அவளை ஆசுபத்திரிக்கு விடுங்க."

கோட்டைச்சாமி கோபப்படவில்லை, அதுதான் பெரிய சங்கடம். சிரித்தபடி, "ஆத்தா கல்லுல வருவா, கரகத்துல வருவா, பாட்டில்ல வரமாட்டாளா? நீ ஏன் தாயி உன்னைக் கொறைச்சுப் பேசுத?" என்றார்.

"அப்ப இதே மையை நானும் குத்திக்கிடுதேன். பாருங்க."

காப்புக் காலத்தில் ஊசியா என்று நாலுபேர் பதறுவதற்குள் அவள் பையில் இருந்து மெஷினை எடுத்து, புது ஊசியைப் பிரித்து அதில் மாட்டி, அதே சிவப்பில் முக்கி, தன் மணிக்கட்டில் சின்னதாக ஒரு சுடர் குத்தினாள். ஜனம் பார்த்தது. அவளும் பார்த்தாள். எரியட்டும், எரிந்தால் இது மைதான் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும் என்று அவள் கும்பிட்ட கும்பிடு இருக்கிறதே, அந்த ஊரில் யாரும் அனல்காத்தாளை அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் போனது. மறுநாள் காலையும் வந்தது. அவள் கையில் சிவப்பு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. அரிப்புகூட இல்லை.

"பாத்தியா?" என்றார் கோட்டைச்சாமி. "அதே மை, குத்துனதும் நீதான். உனக்கு ஏன் வரலை? அவகிட்ட வரணும்னு ஆத்தா நெனச்சா, வந்தா." ஐந்தாறு நாளாகக் கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்த ஏழெட்டுப் பேரும் அத்தோடு சந்தேகத்தை விட்டார்கள். தான் குழிதோண்டி நாத்தனாரை அதில் இறக்கிவிட்டதாகக் குருவம்மாவுக்குத் தோன்றியது. நூறு பேருக்கு ஒன்றும் செய்யாது என்று வாய் வலிக்கச் சொல்கிறவள், அந்த நூறு பேரில் தானும் ஒருத்தியாக இருக்கலாம் என்று நினைக்கவில்லை பாருங்கள்.

எட்டாம் நாள் மதியம் சீனித்தாய்க்குக் குளிர் கண்டது. தொண்ணூறு பேர் திரியோடு வரிசையில் நிற்க, அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. முதல் திரி கிட்டே வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வேண்டாம், வலிக்கி" என்றாள்.

வரிசை அசையாமல் நின்றது.

"நெசமா வலிக்கி. என்னால தாங்க முடியல. என்னை விட்ருங்க. நான் சீனித்தாய்தான், ஆத்தா இல்ல, வீட்டுக்குப் போறேன்."

"சீனி பேசுதா" என்றாள் முன்னால் நின்றவள் பின்னால் நின்றவளிடம், கரண்டு போய்விட்டது என்று சொல்வதுபோல. "கொஞ்சம் இரு, ஆத்தா திரும்ப வருவா." வரிசை முழுக்க அந்தச் சேதி பின்னால் போனது. எல்லாரும் பொறுமையாகத் திரியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தர்கூட அவளைத் திட்டவில்லை, ஒருத்தர்கூட அவள் சொன்னதைக் கேட்கவும் இல்லை. அண்ணன்காரன் வெயிலுமுத்து தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீனி மூன்றாவது தடவை வலிக்கி என்றபோது குரலே வரவில்லை.

குருவம்மா நீராகாரச் செம்போடு போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள். செம்பை அவள் வாயில் வைக்கிற மாதிரி வைத்து, காதோரமாகச் சொன்னாள். "இங்க பாருடி. உன் கொரல்ல சொன்னா இவங்க கேக்க மாட்டாங்க. அவ கொரல்ல கேளு."

சீனி அவளைப் பார்த்தாள். "சாமி குத்தம் மதினி."

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும். ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதோட சேந்துக்கிடட்டும். பேசுடி."

சீனித்தாய் நீராகாரத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நாற்காலியில் இருந்து எழுந்தாள், எழுந்து அந்த நாற்காலியை ஒரு உதை உதைத்தாள், அது மண்டபப் படியில் உருண்டுபோய் மூன்றாம் படியில் கால் ஒடிந்து விழுந்தது.

"டேய் கோட்டைச்சாமி!"

பூசாரியின் கையில் இருந்த வேப்பிலை கீழே விழுந்தது. எழுபது வயசு மனுசனை அந்த ஊரில் டேய் போட ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. "தாயி" என்று கைகூப்பினார்.

"எனக்கு என்னடா செஞ்சீங்க?"

"தாயி, மஞ்சள் சாத்தினோம், தாளிப்பை நிறுத்தினோம், மருந்துக்கடையைக்கூட..."

"வலிக்குதுன்னு சொன்னேனேடா! மூணு தடவை சொன்னேன்!"

"நீ எங்க தாயி சொன்ன? அது சீனில்ல சொன்னா?"

"அவ வாயில சொன்னேன்!" என்று சீனித்தாய் கத்திய கத்தலில் கோயில் மணி தானாக ஒருதடவை அதிர்ந்தது. "அவ வாயில சொன்னா ஏன்டா உங்க காதுல ஏறலை?"

திரியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சுடர் மட்டும் நீண்டு, முழ உயரத்துக்கு நின்றது.

"என்ன வேணும் தாயி? பச்சைப்பட்டு வேணுமா, கெடா வேணுமா, சொல்லு."

"நான் எல்லை தாண்டணும். பெரியாசுபத்திரிக்குப் போகணும். தோல் டாக்டரைப் பாக்கணும்."

கோட்டைச்சாமி திகைத்துப்போனார். அம்மன் இதுவரை கேட்ட எந்தப் பட்டியலிலும் அது இல்லை. "தாயி, காப்புக் கட்டியிருக்கு, எல்லையை எப்படி..."

"எல்லைக்கல்லை நட்டது யாருடா?"

"நீதான் தாயி."

"அப்ப?"

அதற்கு மேல் அங்கே பேச்சு ஏது? வெயிலுமுத்து ஓடிப்போய் மினிலாரியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்தான். எத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தானோ, ஓடும்போதே அழுதான். வண்டியில் வேப்பங்குலை கட்டினார்கள். முன்னால் கொட்டு, பின்னால் ஊர். எட்டு மினிலாரி, இருபது டூவீலர், ஒரு டிராக்டர், எல்லைக்கல்லில் தேங்காய் உடைத்துவிட்டு அனல்காத்த அம்மன் தன் ஊர் சனத்தோடு அரசு ஆசுபத்திரிக்குப் புறப்பட்டாள்.

வண்டிக்குள் குருவம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த சீனி மெதுவாகக் கேட்டாள். "மதினி, சரியாப் பேசுனேனா?"

"சரியாப் பேசுன தாயி."

"தாயின்னு சொல்லாத."

"சரியாப் பேசுனடி சீனி" என்றாள் குருவம்மா.

ஆசுபத்திரியில் கொட்டுச் சத்தத்தை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார்கள். தோல் பிரிவில் டோக்கன் நாற்பத்திரண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் சுடரைப் பார்த்து, இது நமக்கு முன்னால் போகவேண்டிய கேஸ் என்று வழிவிட்டார்கள். டாக்டர் ஐம்பது வயசுக்காரம்மா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவப்பு மையா? பாருங்க, கறுப்பு இருக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. செவப்புல மட்டும் எந்திரிச்சிருக்கு. சிலருக்கு ஒரு வாரத்துல வரும், சிலருக்கு அஞ்சு வருசம் கழிச்சு வரும்" என்றார், சுடர்மேல் படாமல் முடியை ஒதுக்கிக்கொண்டே. "அதுமேல அழுக்குத்தண்ணி வேற பட்டுச் சீழ் வச்சிருக்கு. இந்த மஞ்சள் யார் போட்டது?"

கோட்டைச்சாமி தரையைப் பார்த்தார்.

"பேனாவுல கோடு போட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் குருவம்மா. "பச்சை குத்துனதும் நான்தான்." துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை மேசைமேல் வைத்தாள். டாக்டர் அதில் பேரைத் தேடினார், தேதியைத் தேடினார், இரண்டும் இல்லை என்றதும் குருவம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் ஆறு நாளாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோடு போட்டது நல்லதாப் போச்சு. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரியுது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கையைப் பத்தி நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது."

படுக்கையில் சேர்த்தார்கள். சீழ் அடங்குகிறவரை ஒரு ஊசி, அடங்கிய பிறகு தடிப்பைச் சுற்றி வேறு ஊசி, அப்புறம் களிம்பு. லேசர் வைத்து எடுத்துவிடலாமா என்று வெயிலுமுத்து கேட்டதற்கு, இந்த மாதிரி எழும்பின சிவப்பை லேசரால் கிளறினால் உடம்பு முழுக்கக் கோபம் பரவினாலும் பரவும், பொறுமையாகத்தான் அடக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒவ்வொரு ஊசிக்கும் சுடர் ஒரு விரற்கடை குனிந்தது. ஒன்பதாம் நாள் பூக்குழியைப் பூசாரி பெட்டிக்கடையில் வாங்கிய தீப்பெட்டியை உரசித்தான் பற்றவைத்தார். அதே பூக்குழிதான், அதே சூடுதான்.

சுடர் முழுக்க அணைய ஏழு மாசம் ஆனது. முழம் சாணாகி, சாண் விரலாகி, கடைசியில் தீக்குச்சி மருந்தளவு ஒரு புள்ளி பகலிலும் கனன்றுகொண்டிருந்தது. பிறகு ஒருநாள், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் அதுவும் போனது. கறுப்பு அகல் மிச்சம், அதன் வாயில் சுருங்கிய ஒரு தழும்பு மிச்சம். இரண்டு விரல்கள் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. ஊர் அவளைத் தாயி என்று கூப்பிடுவதை மெல்ல மெல்ல விட்டது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனபோது, மடங்காத விரலை வைத்துக்கொண்டு எப்படி அடுக்குவாய் என்று முதலாளி நின்றபடியே கேட்டார், அவளையும் நிற்கவைத்தே.

அதன்பிறகுதான் அவள் குருவம்மாவின் கடைக்கு வந்தாள். வா என்று குருவம்மா கூப்பிடவில்லை, கூப்பிட அவளுக்கு வாய் இல்லை. சீனியாகவே வந்து, கால் ஒடிந்த அந்தக் கோயில் நாற்காலியைக் கேட்டு வாங்கி, தச்சரிடம் கொடுத்துச் சரிபண்ணி, கடை வாசலில் போட்டாள். ஆனால் அதில் அவள் உட்காருவதில்லை.

பச்சை குத்த யார் வந்தாலும், முதலாளி வந்தாலும், மருந்துக்கையோடு தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்தாலும், சீனி முதலில் சொல்வது ஒன்றுதான்: "உக்காருங்க." உட்கார்ந்ததும் சிவப்பு கேட்பவர்களிடம் அடுத்தது கேட்பாள். "சாயக் குங்குமம் வச்சா நெத்தி அரிக்குமா?"

அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் உள்ளே மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிற குருவம்மாவின் கை நின்றுவிடும். மணிக்கட்டில் உள்ள சின்னச் சிவப்பைப் பார்த்துக்கொள்வாள். அது இன்னும் ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வருசம் கழித்தும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் காத்திருக்கிறாள்.

போன வாரம் குச்சி அடுக்குகிற பெண் ஒருத்தி வந்தாள், பதினெட்டு பத்தொன்பது வயசிருக்கும், அடுத்த மாசம் காப்பு, கையில் சிவப்பில் விளக்கு வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றாள். சீனி அவளை உட்காரவைத்துக் கேள்வியைக் கேட்டாள்.

"லேசா அரிக்கும்க்கா" என்றாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, கேட்கிறாளோ இல்லையோ என்ற சின்னக் குரலில். "ஆனா பரவால்ல, தாங்கிக்கிடுவேன்."

"கேட்டுச்சு" என்றாள் சீனி. எட்டிச் சிவப்புப் பாட்டிலை எடுத்து, மடங்காத விரல்களால் அதன் மூடியை இறுக்கித் திருகினாள்.